கொல்லத்துக்கு ஒரு பாட்டி இருந்தாள்

கேள்வி இதுதான்: “லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் படங்களைப் பார்த்தேன். நாலு முடி ஒட்டிய தலையும் முண்டக்கண்ணுமாகத் தவழ்ந்து வருகிற அந்தக் கொல்லம் என்ன இனம்? ஹாபிட் என்கிறார்கள், நம்பும்படியாக இல்லை. நல்லவனா கெட்டவனா என்பதும் கடைசிவரை பிடிபடவில்லை. புத்தகத்திலாவது தெளிவாக இருக்கிறதா?”

முதல் பாதிக்குப் பதில் எளிது. ஹாபிட்தான், அதாவது பொந்து வீடுகளில் வாழ்கிற குள்ள மனிதர் இனம். ஹாபிட்களில் மூன்று கிளைகள் உண்டு. அதில் ஸ்டூர் என்கிற கிளையைச் சேர்ந்தவன். இரண்டாம் பாதிக்கு, தெளிவாக இல்லை என்பதுதான் பதில். படத்தைவிடப் புத்தகத்தில் குழப்பம் அதிகம். ஆனால் அந்தக் குழப்பம் வந்த விதம் ஒரு தனிக்கதை. எனக்குத் தெரிந்தவரை, அவனைச் சுற்றியிருக்கும் மர்மத்தில் பெரும்பகுதி, கதையை எழுதிய டோல்கீன் உட்கார்ந்து திட்டம் போட்டுச் செய்ததல்ல. கதையில் விழுந்த ஒரு ஓட்டையை அடைக்கப் போய் வந்தது.

அதற்கு முன் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழில் எழுதினால் கேரளத்து ஊராகிவிடுகிறது. கோவிந்தன் என்று சொல்லும்போது வருகிற ‘கோ’வைப் போல முதல் எழுத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்லிக்கொள்ளுங்கள். அது பெற்றோர் வைத்த பெயரே இல்லை. எச்சிலை விழுங்கும்போது அவன் தொண்டையிலிருந்து வருகிற சத்தம். அந்தச் சத்தத்தை வைத்து மற்றவர்கள் கூப்பிட்ட பட்டப்பெயர்தான் அவனுக்கு நிலைத்தது. சொந்தப் பெயர் ஸ்மீகல்.

டோல்கீன் ஆக்ஸ்ஃபோர்டில் பழைய ஆங்கிலம் கற்பித்த பேராசிரியர். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு தாளில் பக்கம் காலியாக இருந்ததாம். அதில், நிலத்தில் ஒரு பொந்தில் ஒரு ஹாபிட் வாழ்ந்தது என்று ஒரு வரி கிறுக்கி வைத்தார். ஹாபிட் என்றால் என்னவென்று அப்போது அவருக்கே தெரியாது. முதலில் சொல் வந்தது, அப்புறம்தான் இனம் வந்தது. கொல்லம் விஷயத்திலும் ஏறக்குறைய இதே கதைதான். முதலில் ஒரு சத்தம், பிறகு ஓர் ஆள், பல வருடம் கழித்து அவனுக்கொரு ஊரும் குடும்பமும்.

‘தி ஹாபிட்’ 1937 செப்டம்பரில் வெளிவந்தது. குழந்தைகளுக்கான கதை. பில்போ என்கிற ஹாபிட் மலைக்கு அடியில் பூதங்களின் சுரங்கத்தில் வழி தவறிவிடுகிறான். இருட்டில் தரையைத் தடவும்போது ஒரு மோதிரம் கையில் படுகிறது, எடுத்துப் பையில் போட்டுக்கொள்கிறான். இன்னும் கீழே போனால் ஒரு நிலத்தடி ஏரி. அதன் நடுவில் ஒரு பாறைத் தீவு. அங்கே விளக்கு மாதிரி வெளிறிய இரண்டு கண்களோடு கொல்லம். சின்னப் படகில் உட்கார்ந்து, பெரிய பாதங்களை இரண்டு பக்கமும் தண்ணீரில் தொங்கவிட்டு, சலசலப்பே இல்லாமல் துழாவிக்கொண்டு வருவான். மீன் பிடித்துப் பச்சையாகத் தின்பான். தனியாக மாட்டினால் பூதத்தையும் விடமாட்டான். இவன் யார், எங்கிருந்து வந்தான் என்பது தனக்கே தெரியாது என்று கதைசொல்லி கையை விரித்துவிடுகிறார். அது வாசகரைச் சீண்டுவதற்காகச் சொன்னது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கென்னவோ அது ஒப்புதல் வாக்குமூலம் என்றே படுகிறது.

உருவத்தைக்கூட அவர் சரியாகச் சொல்லவில்லை. 1962-ல் ஸ்வீடிஷ் பதிப்புக்குப் படம் வரைந்த டூவே யான்சன், பில்போவுக்கு முன்னால் மலை மாதிரி நிற்கிற ஒரு ராட்சதக் கொல்லத்தை வரைந்துவிட்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, சிறியவன் என்று புத்தகத்தில் எங்கேயும் இல்லையே. 1966 பதிப்பில்தான் டோல்கீன் ‘சிறிய’ என்ற சொல்லைச் சேர்த்தார்.

சரி, ஓட்டைக்கு வருவோம். ஏரிக்கரையில் இருவருக்கும் விடுகதைப் போட்டி நடக்கிறது. கொல்லம் ஜெயித்தால் பில்போவைத் தின்றுவிடுவான். பில்போ ஜெயித்தால்? இன்று கடையில் கிடைக்கிற புத்தகத்தில், வெளியே போக வழிகாட்ட வேண்டும் என்று இருக்கும். 1937 பதிப்பில் அப்படி இல்லை. ஜெயித்தால் ஒரு பரிசு தருவதாகக் கொல்லம் வாக்குக் கொடுக்கிறான். அந்தப் பரிசு வேறெதுவும் இல்லை, அந்த மோதிரமேதான். தோற்றதும் நேர்மையாகத் தீவுக்குப் போய்த் தேடுகிறான். கிடைக்கவில்லை. திரும்பி வந்து திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்கிறான். பில்போவுக்கு அதற்குள் விஷயம் விளங்கிவிட்டது, அது தன் பையில்தான் இருக்கிறது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. பரவாயில்லை, அதற்குப் பதிலாக வெளியே போக வழிகாட்டு என்கிறான். கொல்லமும் கூடவே வந்து வழிகாட்டிவிட்டுப் போகிறான். சண்டை இல்லை, சாபம் இல்லை. இரண்டு பேரில் யார் யோக்கியன் என்று ஒரு குழந்தையைக் கேட்டால் கொல்லத்தைத்தான் கைகாட்டும்.

புத்தகம் நன்றாக விற்றது. பதிப்பாளர்கள் அடுத்த கதை கேட்டார்கள், அந்த வருட டிசம்பரிலேயே எழுத உட்கார்ந்தார். அது வளர்ந்து வளர்ந்து ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ என்கிற பெரிய புத்தகமாகிவிட்டது. போட்டால் உடம்பு மறைகிற விளையாட்டு மோதிரம், சௌரான் என்கிற இருள் அரசன் தன் வலிமையையே ஊற்றிச் செய்த மோதிரமாக மாறியது. கையில் வைத்திருப்பவனை மெல்ல மெல்லத் தன்வசமாக்கும், யாரும் லேசில் மனமுவந்து விட்டுக்கொடுக்க முடியாது. இங்கேதான் சிக்கல். பல நூறு வருடம் அதை வைத்திருந்த ஒருவன் விடுகதைப் போட்டியில் பரிசாகத் தருகிறேன் என்பானா? அச்சாகி விற்று, பிள்ளைகள் படித்து முடித்த புத்தகத்தில் அப்படித்தானே இருக்கிறது.

1947-ல் அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதிப் பதிப்பாளருக்கு அனுப்பினார், இப்படி மாற்றினால் எப்படி இருக்கும் என்று காட்டுவதற்கு ஒரு மாதிரியாக. பதில் எதுவும் வரவில்லை. 1950-ல் மறுபதிப்புக்கான மெய்ப்பு வந்தபோது பார்த்தால், மாற்றிய அத்தியாயமே அதில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அவரே எதிர்பார்க்கவில்லை. 1951-ல் அது இரண்டாம் பதிப்பாக வந்துவிட்டது.

இப்போது வாசகர்கள் கையில் இரண்டு கதைகள். வேறொருவராக இருந்தால் பழையது பிழை, புதியதை வைத்துக்கொள்ளுங்கள் என்று முடித்திருப்பார். டோல்கீன் இரண்டையும் வைத்துக்கொண்டார். முதல் பதிப்பில் வந்தது பில்போ சொன்ன பொய்யாம். மோதிரம் தனக்கு உரிமையானதுதான் என்று காட்டுவதற்காகத் தோழர்களிடம் அப்படிச் சொல்லி, தன் குறிப்பேட்டிலும் அப்படியே எழுதி வைத்தானாம். உண்மையைக் கேண்டால்ஃப் என்கிற மந்திரவாதி பிற்பாடு அவன் வாயிலிருந்து பிடுங்கினாராம். பெரிய புத்தகத்தின் முன்னுரையிலேயே இது வருகிறது. பொய் சொல்லிப் பழக்கமில்லாத பில்போ இதற்கு மட்டும் ஏன் கதை கட்டினான் என்பதுதான் கேண்டால்ஃபுக்கு வந்த முதல் சந்தேகம். எழுத்தாளரின் தவறு, கதைக்குள் மோதிரத்தின் விஷத்துக்குச் சாட்சியாகிவிட்டது. ஒட்டுப்போட்ட இடத்தையே பூவேலையாக மாற்றுவது என்றால் இதுதான்.

இதில் இன்னொரு நுணுக்கம். மோதிரம் உனக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் கொல்லமும் ஒரு பொய் வைத்திருக்கிறான்: பிறந்தநாளுக்குப் பாட்டி கொடுத்தது. பில்போவின் பொய், போட்டியில் ஜெயித்த பரிசு. ஒருவரையொருவர் கலந்து பேசாத இரண்டு பேர். இருவருமே, எடுத்ததைக் கொடுத்ததாக மாற்றிச் சொல்கிறார்கள்.

இனம் பற்றிய கேள்விக்கு இந்தப் பாட்டிதான் சாவி. 1937 பதிப்பிலேயே அவள் இருக்கிறாள், ஒரு சிரிப்புக்காக. பில்போ போட்ட விடுகதை ஒன்றுக்கு விடை முட்டை. கொல்லம் திணறுகிறான். அப்போது நினைவு எங்கோ பின்னால் போகிறது: ஆற்றங்கரையில் உட்கார்ந்து, பறவைக் கூட்டில் திருடியதைப் பாட்டிக்கு உறிஞ்சக் கற்றுக்கொடுத்தது. சட்டென்று முட்டை என்று கத்துகிறான். பாட்டிக்கே முட்டை உறிஞ்சக் கற்றுக்கொடுப்பதா என்பது ஆங்கிலப் பழமொழி. தகப்பன்சாமி என்று கேலி செய்வோமே, அந்த மாதிரி. டோல்கீன் அதை நேர்ப்பொருளில் எழுதி வேடிக்கை காட்டியிருக்கிறார். இன்னொரு விடுகதையின்போது, ஆற்றங்கரைச் சரிவில் ஒரு பொந்தில் பாட்டியோடு இருந்த காலம் அவனுக்கு ஞாபகம் வருகிறது. பொந்து வீடு, பாட்டி, விடுகதை. ஹாபிட் என்று எழுதாத குறைதான். ஆனால் எழுதியவரே அதைக் கவனித்திருந்தாரா என்பது வேறு விஷயம்.

அந்தப் பழமொழிப் பாட்டி பெரிய புத்தகத்தில் ஒரு குலத்தின் தலைவியாகிவிடுகிறாள். கேண்டால்ஃப் விசாரித்துக் கண்டுபிடித்த கதை இது. ஆண்டுயின் என்கிற பெரிய ஆற்றின் கரையில், ஸ்டூர்களுக்கு நெருக்கமான ஒரு கூட்டம் வாழ்ந்தது. ஸ்டூர்கள் மற்ற ஹாபிட்களைப்போல ஆற்றைக் கண்டு பயப்படுகிறவர்கள் இல்லை. படகு விடுவார்கள், மீன் பிடிப்பார்கள், கையும் காலும் கொஞ்சம் பெரிது. ஏரியில் சத்தமில்லாமல் படகு விட்டானே, அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்கும். அவன் குடும்பம் பெரிய குடும்பம், கௌரவமான குடும்பம், பாட்டி வைத்ததுதான் அங்கே சட்டம். பேரன் ஸ்மீகலுக்கு எதையும் நோண்டிப் பார்க்கிற குணம். மரத்தின் வேர் எங்கே போகிறது, குளத்தின் அடியில் என்ன இருக்கிறது என்று தலையைக் குனிந்தே திரிந்தவன், நாளாக ஆக மேலே பார்ப்பதையே விட்டுவிட்டான்.

ஒருநாள் கூட்டாளி டீகலோடு படகில் மீன் பிடிக்கப் போகிறான். ஒரு பெரிய மீன் தூண்டிலைக் கவ்வி டீகலைத் தண்ணீருக்குள் இழுத்துப் போய்விடுகிறது. ஆற்றின் அடியில் ஏதோ மின்ன, ஒரு கைப்பிடி மண்ணோடு அள்ளிக்கொண்டு கரையேறுகிறான். கழுவிப் பார்த்தால் தங்க மோதிரம். பின்னாலிருந்து எட்டிப் பார்த்த ஸ்மீகல், இன்று என் பிறந்தநாள், அதை எனக்குக் கொடு என்கிறான். உனக்குத்தான் ஏற்கெனவே என் சக்திக்கு மீறிப் பரிசு கொடுத்துவிட்டேனே, இதை நான் வைத்துக்கொள்கிறேன் என்கிறான் டீகல். ஸ்மீகல் கழுத்தை நெரித்துக் கொன்றுவிடுகிறான். டோல்கீனின் காலக்கணக்கில் மூன்றாம் யுகம் 2463. பில்போ அதை எடுத்தது 2941. ஆக, 478 வருடம்.

மோதிரத்தைப் போட்டு மறைந்து வீட்டில் ஒட்டுக்கேட்டான், திருடினான். சொந்தக்காரர்கள் வெறுத்தார்கள். தொண்டைச் சத்தத்தை வைத்துக் கொல்லம் என்று கூப்பிட ஆரம்பித்தது அப்போதுதான். கடைசியில் பாட்டியே பொந்தைவிட்டு வெளியே போ என்று சொல்லிவிட்டாள். வெயில் கண்ணைக் குத்த, மலைக்கு அடியிலாவது இருட்டு இருக்கும், உலகத்தின் வேர்களும் ரகசியங்களும் இருக்கும் என்று புழு மாதிரி உள்ளே நுழைந்தான். அங்கே ரகசியம் ஒன்றும் இல்லை. வெறும் இருட்டுதான் இருந்தது.

இந்தக் கதையைக் கேட்ட ஃபிரோடோ கொதித்துப் போகிறான். ஃபிரோடோ பில்போவின் வளர்ப்புவாரிசு, மோதிரம் இப்போது அவன் கையில் இருக்கிறது. அந்த ஈனப்பிறவிக்கும் எங்களுக்கும் சம்பந்தமா என்கிற தொனி. கேண்டால்ஃப் அதற்குச் சொல்கிற காரணம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். இருவருக்கும் ஒரே விடுகதைகள் எப்படித் தெரிந்தன? நாமும் இதை அனுபவத்தில் பார்த்திருப்போம். முன்பின் தெரியாத ஒருவர், நம் பாட்டி போட்ட விடுகதையை ஒரு சொல் மாறாமல் போட்டால் எந்த ஊர் என்று உடனே கேட்போம். அதே நியாயம்தான் இங்கேயும். பில்போ கடைசியில் கேட்ட, என் பையில் என்ன இருக்கிறது என்பது மட்டும் விடுகதையே இல்லை, அது கள்ள ஆட்டம். ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் கதைகளில் ஓடின் என்கிற தெய்வம் இதே மாதிரி ஒரு கேள்வியைக் கேட்டுத்தான் ஜெயிக்கும், இறந்துபோன மகன் காதில் நான் என்ன ஓதினேன் என்று. ஓதினவருக்கு மட்டுமே விடை தெரியும்.

பிறந்தநாள் விஷயத்தில் ஒரு முரண் உண்டு. பில்போவின் ஊரான ஷையரில் பிறந்தநாள்காரன்தான் மற்றவர்களுக்குப் பரிசு கொடுப்பான். அப்படியிருக்க ஸ்மீகல் எப்படிக் கேட்டான்? வாசகர் ஒருவர் இதைக் கேட்டு எழுத, டோல்கீன் ஹாபிட்களின் பரிசுப் பழக்கங்களைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் பதில் எழுதினார். ஓட்டையைச் சுட்டிக்காட்டினால் அதிலிருந்து இன்னொரு வழக்கத்தையே முளைக்க வைக்கிற மனிதர்.

இனி அவன் பேச்சு. படம் பார்த்தவர்களுக்கு முதலில் நினைவு வருவது அந்தக் கொஞ்சல்தான், என் தங்கமே என்று தமிழில் சொல்லலாம். மோதிரமும் தங்கம்தான் என்பதால் நம் மொழியில் அது இரட்டிப்பாகப் பொருந்துகிறது. 1937-ல் அவன் தங்கமே என்றது மோதிரத்தை இல்லை, தன்னைத்தான். பேச வேறு ஆள் இல்லாததால் தன்னோடே பேசிக்கொள்வான் என்று கதைசொல்லி சொல்கிறார். மாற்றி எழுதிய பிறகு அதே சொல் மோதிரத்தையும் குறிக்கத் தொடங்கியது. பெரிய புத்தகத்துக்கு வரும்போது எது அவன், எது மோதிரம் என்று பிரிக்க முடியாமல் போகிறது. அந்தச் சொல்லை மாற்றாமல் அர்த்தத்தை மட்டும் நகர்த்தியிருக்கிறார்.

அவன் தன்னை நான் என்று சொல்வது அபூர்வம், பெரும்பாலும் பன்மைதான். இதைத் தமிழில் கொண்டுவரப் பார்த்தால் ஒரு வேடிக்கையான இக்கட்டு வரும். ஆங்கிலத்துக்கு ஒரே பன்மை. நமக்கு நாம், நாங்கள் என்று இரண்டு. மோதிரத்திடம் பேசும்போது நாம் என்பானா, ஃபிரோடோவிடம் கெஞ்சும்போது நாங்கள் என்பானா? அந்த நாங்களுக்குள் யார் யார்? அவனும் மோதிரமுமா, ஸ்மீகலும் கொல்லமுமா? ஆங்கிலத்தில் எழுதியவர் இதற்குப் பதில் சொல்லாமலே தப்பித்துக்கொண்டார். தமிழில் எழுதுகிறவர் ஒவ்வொரு வரியிலும் முடிவெடுத்தாக வேண்டும். பில்போவை அவன் அஃறிணையில்தான் சொல்வான், அது பையில் என்ன வைத்திருக்கிறது என்று. நாமும் குழந்தையை அது தூங்குது என்போம். அந்தச் செல்லம் இதில் கிடையாது. கறிக்கடையில் தொங்குவதைக் காட்டி அது எவ்வளவு என்று கேட்கிற அது.

அபூர்வமாக அவன் நான் என்று சொல்கிற இடங்களை ஃபிரோடோ கவனித்து வைத்திருக்கிறான். அவன் அப்படிச் சொன்னால், உள்ளே மிச்சமிருக்கும் பழைய உண்மை ஏதோ அந்த நேரத்துக்கு மேலே வந்திருக்கிறது என்பது ஃபிரோடோவின் கணக்கு. ஆளை அடையாளம் காண முகத்தைப் பார்க்காமல் பிரதிப்பெயரைப் பார்க்கிறான். மொழிப் பேராசிரியர் எழுதிய கதை, வேறெப்படி இருக்கும்.

நல்லவனா கெட்டவனா என்ற கேள்வி நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது, நிஜமாகவே. துருக்கியில் ஒரு மருத்துவர், அதிபர் எர்துவானின் படங்களையும் கொல்லத்தின் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பகிர்ந்தார். அதிபரை அவமதித்ததாக வழக்கு. கொல்லம் கெட்டவனாக இருந்தால்தானே ஒப்பிட்டது அவமதிப்பு ஆகும்? அதைத் தீர்மானிக்க 2015-ல் நீதிபதி ஐந்து பேர் கொண்ட நிபுணர் குழுவைக் கேட்டார். படத்தை இயக்கிய பீட்டர் ஜாக்சன், அந்தப் படங்களில் இருப்பது கொல்லமே இல்லை, ஸ்மீகல், அவன் நல்லவன் என்று அறிக்கை விட்டார். 2004-ல் லண்டன் மருத்துவ மாணவர்கள் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் அவனை ஒரு நோயாளியாகவே வைத்து அலசி, அவனுக்கு இருப்பது ஸ்கிட்சாய்டு ஆளுமைக் கோளாறு, அதாவது யாரோடும் ஒட்டாமல் ஒதுங்கியே இருக்கிற குணக்கோளாறு என்று எழுதினார்கள். கிறிஸ்துமஸ் நேரத்தில் அந்த இதழில் இப்படிப்பட்ட குறும்புகள் வருவது வழக்கம்.

ஸ்மீகல் நல்லவன், கொல்லம் கெட்டவன், இருவரும் ஒரே உடம்பில் என்கிற கணக்கு படத்துக்கு வசதி. 2002-ல் வந்த இரண்டாம் பாகத்தில், கொல்லமாக நடித்த ஆண்டி செர்கிஸ் அதை அற்புதமாகச் செய்திருப்பார், மறுப்பதற்கில்லை. புத்தகத்தில் அந்தக் காட்சியைப் பார்ப்பது சாம், ஃபிரோடோவின் தோட்டக்காரன், கூடவே வரும் விசுவாசி. மோதிரத்தை அழிக்கப் போகிற அவர்கள் இருவருக்கும் வழிகாட்டி கொல்லம்தான். சதுப்பு நிலத்தைத் தாண்டிய பிறகு ஒரு குழியில் பாதித் தூக்கத்தில் விழித்துப் பார்க்கிறான். கொல்லத்தின் கண்களில் வெளிறிய வெளிச்சமும் பச்சை வெளிச்சமும் மாறி மாறி வருகின்றன, இரண்டு குரல்கள் வாதாடுகின்றன. ஆனால் நல்ல குரல் என்ன சொல்கிறது என்று உற்றுக் கேளுங்கள். கொல்வது தப்பு என்று அது சொல்லவில்லை. வாக்குக் கொடுத்துவிட்டோமே என்று தயங்குகிறது, எஜமான் ஃபிரோடோ காலில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துவிட்டாரே என்கிறது. அதற்கும் மோதிரம் வேண்டும். இரண்டு குரலுக்கும் ஆசை ஒன்று, ஒன்றுக்கு மட்டும் கூச்சம் மிச்சமிருக்கிறது. அந்தக் கூச்சத்தைத்தான் ஸ்மீகல் என்று நான் புரிந்துகொள்கிறேன்.

முடிவு உங்களுக்குத் தெரியும். மோதிரத்தை அழிக்க வேண்டிய எரிமலையின் விளிம்பில் ஃபிரோடோ அதைத் தூக்கிப்போட மறுத்துவிடுகிறான். கொல்லம் அவன் விரலோடு கடித்துப் பிடுங்குகிறான். படத்தில் இருவரும் கட்டிப் புரண்டு விழுவார்கள். புத்தகத்தில் அவன் தனியாக, மோதிரத்தை உயர்த்திப் பார்த்துக்கொண்டே ஆனந்தக் கூத்தாடி, கால் ஒரு அடி தவறி விழுகிறான். உலகம் தப்பித்தது அவனால்தான். அவன் அந்த இடம்வரை உயிரோடு இருந்தது, மலைக்கு அடியில் பில்போ வாளால் குத்த நினைத்து, பிறகு இரக்கப்பட்டு விட்டுவிட்டதால். இனி ஓட்டைக்குத் திரும்பிப் பாருங்கள். 1937 பதிப்பில் அந்த இரக்கம் கிடையாது. மரியாதையாக வழிகாட்டிவிட்டுப் போகிறவன்மேல் யாராவது வாளை ஓங்குவார்களா? மாற்றி எழுதியதில்தான் கொல்லம் வெறிபிடித்துத் துரத்துகிறான், வாசலை மறித்து உட்காருகிறான். கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் நிற்கிற பில்போ குத்திவிடலாமா என்று நினைக்கிறான், பிறகு அவனுடைய முடிவில்லாத இருட்டு நாட்களை ஒரு கணம் நினைத்துப் பார்த்து, தலைக்கு மேலே தாவி ஓடிவிடுகிறான். முழுக் கதையும் தொங்குகிற ஆணி பத்து வருடம் கழித்து அடிக்கப்பட்டது.

அவன் திருந்தியிருக்க முடியுமா என்பதற்கு டோல்கீனே கடிதங்களில் பதில் சொல்லியிருக்கிறார், மயிரிழையில் தவறியது என்று. அந்த இடம் படத்தில் இல்லை. அங்கே ரொட்டித் துணுக்குகளை வைத்துச் சாமைத் துரத்திவிடுகிற நாடகத்தை நுழைத்துவிட்டார்கள், அது புத்தகத்தில் கிடையாது. எனக்கு இன்றும் அந்த மனத்தாங்கல் உண்டு.

புத்தகத்தில் இருப்பது இது. இருள் அரசனின் நாடான மோர்டாருக்கு ஏறுகிற செங்குத்துப் படிகளில் ஃபிரோடோவும் சாமும் களைத்துத் தூங்கிவிடுகிறார்கள், ஃபிரோடோவின் தலை சாமின் மடியில். கொல்லம், மேலே குகையில் இருக்கும் ராட்சதச் சிலந்தியிடம் இவர்களை மாட்டிவிட ஏற்பாடு செய்துவிட்டுத் திரும்பி வருகிறான். நின்று பார்க்கிறான். கண்ணில் பச்சை வெளிச்சம் அணைகிறது. குகைப் பக்கம் திரும்பி, வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டுகிறான். மெல்ல வந்து, நடுங்குகிற கையால் ஃபிரோடோவின் முழங்காலைத் தொடுகிறான், தடவிக்கொடுப்பதுபோல. அந்த நேரத்தில் யாராவது பார்த்திருந்தால், வயதுக்கு மீறி இழுத்துக்கொண்டு வந்த காலத்தால் சுருங்கிப்போய், உற்றார் உறவினரும் இளமைக் காலத்து வயல்களும் ஆறுகளும் எல்லாம் போய்விட்ட ஒரு கிழட்டு ஹாபிட்டைத்தான் பார்த்திருப்பார்கள் என்று எழுதுகிறார். உங்கள் முதல் கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் புத்தகத்தில் வேறு இல்லை.

ஃபிரோடோ தூக்கத்தில் முனகுகிறான். சாம் விழித்துக்கொள்கிறான். எஜமான்மேல் அவன் கை இருப்பதைப் பார்த்து, என்ன செய்கிறாய் என்று அதட்டுகிறான். ஒன்றுமில்லை, நல்ல எஜமான் என்று கொல்லம் மெதுவாகச் சொல்கிறான். எங்கே பதுங்கிப் போய்ப் பதுங்கி வந்தாய் கிழட்டுப் பயலே என்கிறான் சாம். கண்ணில் பச்சை திரும்ப வந்துவிடுகிறது. சாமுக்கும் மனசு உறுத்துகிறது, மன்னித்துக்கொள், தூக்கத்தில் திடுக்கிட்டுவிட்டேன் என்கிறான். சரி, எங்கேதான் போயிருந்தாய் என்று மறுபடி கேட்கிறான். பதுங்கப் போயிருந்தேன் என்கிறான் கொல்லம். பச்சை வெளிச்சம் கண்ணைவிட்டுப் போகவில்லை.